வழியில் இறங்கினால் என்ன குற்றம்?



"பிரசவம் பார்க்கப் போறீங்களா, இல்லே ஊர் சுத்தப் போறீங்களா?"

2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் மாமியார் கேட்ட கேள்வி இது. தோசைக் கரண்டியும் கையுமாக நின்றிருந்த எனக்கு அப்போது பதில் வரவில்லை. தோசை கருகியதுதான் மிச்சம். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். வயது 37. பிறந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது கோயம்புத்தூர். என் வீட்டுக்காரர் நூல் மில் மெஷின் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். மெஷினை வெளிநாட்டு மில்லில் கொண்டுபோய்ப் பொருத்தி, ஓடவிட்டுக் காட்டிவிட்டு வரவேண்டும். இந்தோனேசியா, வியட்நாம் என்று வருஷத்தில் பாதி நாள் வெளியில்தான். போவதும் வருவதும் பெரும்பாலும் சிங்கப்பூர் வழியாக.

இப்படி அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமானக் கம்பெனிக்காரர்கள் 'மைல்' என்று ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். நம்ம ஊர் ஜவுளிக் கடையில் வாங்குகிற துணிக்குப் புள்ளி போட்டு, வருஷக் கடைசியில் எவர்சில்வர் தூக்கு கொடுப்பார்களே, அந்த மாதிரி. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் என்ற கம்பெனி 1981-இல் இதைத் தொடங்கியதாம். இன்றைக்கு அநேகமாக எல்லாப் பெரிய கம்பெனியிலும் உண்டு. சேர்ந்த மைலைக் கொடுத்து டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது முதலாளி என்றாலும், மைல் சேர்வது பறந்தவர் பெயரில்தான்.

என் வீட்டுக்காரர் சேர்ந்திருக்கும் திட்டத்தில் மைலுக்கு ஆயுசு 3 வருஷம். 2019-இல் ஒருநாள் எடுத்துப் பார்த்தால், ஒரு ஆள் சிங்கப்பூர் போய்வரும் அளவுக்கு மைல் காலாவதியாகிக் கிடந்தது. "போனாப் போகுது, சும்மா வந்ததுதானே" என்றார்.

சும்மா வந்ததா? எனக்குச் சுருக்கென்றது.

அவர் பாண்டுங்கில் மெஷின் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் மகனுக்கு டெங்கு வந்து, ஆஸ்பத்திரியில் 5 நாள் ஒற்றை ஆளாய் உட்கார்ந்திருந்தேன். மாமனார் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் அவர் ஊரில் இல்லாத மாசத்தில்தான். கேஸ், ரேஷன், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், மோட்டார் காயில் போனால் ஆள் பிடிப்பது... எல்லாம் நான்தான். அவர் மேலே ஒரு மைல் பறந்தால் கீழே நானும் ஒரு மைல் நடந்திருக்கிறேன். அதனால் அந்த மைலில் எனக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. கணவரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிவிட்டுக் குடும்பம் நடத்தும் சகோதரிகள் யாரும் இதை மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில் இருக்கிறாள். அவளுக்கு 2024 மே மாசம் தலைப் பிரசவம். அம்மாவுக்கு 66 வயது. முட்டி வலி, இங்கிலீஷும் தெரியாது. தனியாக அனுப்ப முடியாது. பிள்ளைகளுக்குக் கோடை லீவு என்பதால் நான் கூடப் போய், இருந்து, ஒத்தாசை செய்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்புவது என்று பேசி முடித்தோம். "ரெண்டு டிக்கெட்டுக்கும் மைல் போதும்" என்று வீட்டுக்காரரே சொன்னார். அவர் கணக்கில் நெருங்கிய சிலரைப் பதிந்து வைத்தால் அவர்களுக்கும் டிக்கெட் எடுக்கலாம். அம்மாவையும் பதிந்தோம். சென்னையில் ஏறி, சிங்கப்பூரில் விமானம் மாறி, மெல்போர்ன். இதுதான் வழி.

டிக்கெட் போடுவதற்கு இரண்டு நாள் முந்தி தங்கை போன் பண்ணினாள். அம்மா அப்போது பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். "அம்மா, குழந்தை பொறந்து கொஞ்ச நாள் கழிச்சு கான்பரா போயிட்டு வரலாம். அதான் இங்க தலைநகரம்" என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, தலையை நிமிர்த்தாமல், "கான்பரா ரோட்டுலதான் எங்கப்பா சைக்கிள்ல வருவாரு" என்றார்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் சொன்னார்.

என் தாத்தா சிங்கப்பூரில், செம்பவாங் என்ற இடத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை பார்த்தவர். தளத்தைச் சுற்றி இருந்த ரோடுகளுக்கு வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்சி நடந்த நாடுகளின் ஊர்ப் பெயர்களை வைத்திருந்தார்கள். கான்பரா, வெல்லிங்டன், மாண்ட்ரீல் என்று. அம்மா 1957-இல் அங்கே பிறந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படிக்கும்போது, 1966-இல், ஊரில் பெரியவர்களுக்கு முடியவில்லை என்று பாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கிவிட்டார். தாத்தா அங்கேயே இருந்து பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். 1969-இல் தந்தி வந்தது. கூட வேலை பார்த்தவர்களே எடுத்துப் போட்டுக் காரியத்தையும் முடித்துவிட்டார்கள். இங்கே யாரும் முகம் பார்க்கவில்லை.

தாத்தா சிங்கப்பூரில் செத்தார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்குப் படுக்கும்போது கேட்டேன். "சிங்கப்பூர் வழியாத்தானேம்மா போறோம். இறங்கிப் பார்த்துட்டு வரலாமா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "செலவாகுமேடி. மாப்ள என்ன நெனைப்பாரு?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனியுங்கள்.

மாப்பிள்ளை என்ன நினைத்தார்? "சும்மா கிடைக்கிற டிக்கெட். அதுல இறங்கறேன், தங்கறேன்னு கேட்டா நல்லாவா இருக்கும்? அத்தைக்கு முட்டி வேற வலி. ஒரே மூச்சுல போயிட்டு வந்துடுங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வருஷத்தில் இருபது முறை சிங்கப்பூரில் இறங்கி ஏறுகிறவருக்கு அது வெறும் பஸ் ஸ்டாண்டு மாதிரி. எங்கள் தெருவுக்கு வெளியே இருக்கிற டிராவல்ஸ்காரரைக் கேட்டேன். "மைல் டிக்கெட்டுல அதெல்லாம் முடியாதும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் விற்காத சரக்கு.

ஆனால் முடியும்! ஒன்பதாவது படிக்கும் என் மகள்தான் அப்பாவின் போனை வாங்கி, அந்தக் கம்பெனிப் பக்கத்தைத் திறந்து, வழியில் தங்குவதற்கென்று தனியாக ஒரு இடம் இருப்பதைக் காட்டினாள். சிங்கப்பூரில் எத்தனை நாள் என்று கேட்டது. வீட்டுக்காரரே ஆச்சரியப்பட்டுப் போனார். இத்தனை வருஷம் மைல் சேர்த்தவருக்கு அது தெரியாது.

இனி நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

வெளிநாட்டுப் பயணத்தில், வழியில் ஒரு ஊரில் 24 மணி நேரத்துக்கு உள்ளே அடுத்த விமானம் ஏறிவிட்டால் அது விமானம் மாறுவதாகத்தான் கணக்கு. 24 மணிக்கு மேல் போனால்தான் 'ஸ்டாப் ஓவர்', அதாவது இறங்கித் தங்குவது. இந்த 24 மணிக் கணக்கு முக்கியம். ஒரே ஒரு கோயிலைப் பார்க்கணும், ஒரு சொந்தக்காரரைப் பார்க்கணும் என்றால், 18 மணி, 20 மணி இடைவெளி விட்டு அடுத்த விமானத்தைப் பிடித்தாலே போதும். (விசா இருந்தால்தான் வெளியே போகலாம், அது வேறு விஷயம்.) சாங்கி விமான நிலையத்தில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பவர்களை இலவசமாகவே பஸ்ஸில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதற்கும் அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி உள்ளவராக இருக்கவேண்டும்.

எங்களுக்கு ஒருநாள் போதாது. அம்மாவின் நடைக்கு எல்லாமே இரண்டு மடங்கு நேரம். அதனால் இரண்டு ராத்திரி தங்குவதாகப் போட்டோம். போக-வர ஒரே டிக்கெட்டாக எடுத்ததால் அதற்கு மைல் கூடக் கேட்கவில்லை. எல்லாக் கம்பெனியிலும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சிலதில் அறவே கிடையாது. ஒரு சிலதில் பணம் கேட்பார்கள். டொரண்டோவில் இருக்கும் என் சித்தி மகன் சொன்னான், ஏர் கனடா திட்டத்தில் ஒருவழி டிக்கெட்டுக்கே 5000 புள்ளி கூடக் கொடுத்தால் வழியில் ஓர் ஊரில் தங்கலாமாம்; ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் அப்படித் தங்க முடியாதாம்.

முக்கியமானது, இதை டிக்கெட் போடும்போதே சேர்க்கவேண்டும். போட்டு முடித்துவிட்டுப் பிறகு மாற்றினால், அதற்குக் கட்டணம் கேட்கலாம்; அது கூடப் பரவாயில்லை, அந்தத் தேதியில் மைலுக்கென்று ஒதுக்கிய சீட் மிச்சம் இருக்கவேண்டுமே! மைலுக்கு எல்லா சீட்டையும் கொடுப்பதில்லை. மெல்போர்னிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு சீட், இரண்டு நாள் கழித்து சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒரு சீட், அதுவும் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல், இத்தனையும் கிடைக்கவேண்டும். நாங்கள் மூன்று ராத்திரி தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். நாலு மாசம் முந்தியே உட்கார்ந்ததால் கிடைத்தது.

இன்னொன்று, "வழியில் இறங்கிக்கிட்டு மிச்சத்தை விட்டுடலாம், அப்புறம் வேற டிக்கெட்டுல வரலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நடுவில் ஒரு விமானத்தை ஏறாமல் விட்டால், அதற்குப் பின்னால் இருக்கிற பயணம் அத்தனையும் பொதுவாக ரத்தாகிவிடும்.

மைல் டிக்கெட் என்றால் சல்லிக்காசு செலவில்லை என்பதும் தப்பு. விமான நிலையக் கட்டணம், வரி எல்லாம் ரூபாயில் கட்டியாகவேண்டும். இதில் எனக்குத் தெரியாமல் போன ஒரு சங்கதி, விமானம் மாறிப் போகிறவருக்கு சிங்கப்பூரில் கட்டணம் கொஞ்சம்தான். இறங்கி வெளியே போய்த் தங்கிவிட்டு மறுபடி ஏறுகிறவருக்கு அதிகம். 2024-இல் அது தலைக்கு 60 வெள்ளிக்கு மேல். வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர். அம்மா அப்படித்தான் சொல்வார், எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அப்புறம் ஓட்டல். அங்கே ஒரு சின்ன ரூமே அப்போது ஒரு ராத்திரிக்கு 120 வெள்ளி. நம்ம பணத்துக்கு அன்றைய கணக்கில் ஏழாயிரத்துச் சொச்சம். இந்தச் செலவை வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை. பிளவுஸ் தைத்துக் கட்டிவந்த சீட்டை எடுத்தேன். மைலில் பங்கு கேட்டவள், செலவிலும் பங்கு போடவேண்டாமா?

விசா சமாசாரமும் உண்டு. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் விசா கையில் உள்ள இந்தியர்கள் வேறு நாட்டுக்குப் போகிற, வருகிற வழியில் சிங்கப்பூரில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் தங்க ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் பல. அனுமதிப்பதும் மறுப்பதும் வாசலில் நிற்கிற அதிகாரியின் கையில். வயசான அம்மாவை வைத்துக்கொண்டு எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. முறைப்படி ஏஜெண்ட் மூலம் விசா எடுத்துவிட்டேன். போவதற்கு முந்தி 3 நாளுக்குள் கம்ப்யூட்டரில் வருகைப் படிவம் ஒன்று நிரப்பவேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற பக்கம் ஏதாவது வந்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

எல்லாம் சரி, போகும்போது இறங்குவதா, வரும்போது இறங்குவதா? இதில்தான் மாமியாரின் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இருக்கிறது. பிரசவத்துக்குப் போகிறவள் போகும்போது இறங்கக்கூடாது. குழந்தை தேதி பார்த்தா பிறக்கிறது? அதுவுமில்லாமல், தங்கினால் பெட்டியெல்லாம் நடுவழியில் வெளியே வந்துவிடும். எங்கள் பெட்டியில் பிரசவ லேகியமும் பத்தியப் பொடியும் இருந்தன. ஆஸ்திரேலியாவில் தின்பண்டம் எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதிக் காட்டியாகவேண்டும். அந்த ஒரு பரீட்சை போதும், நடுவில் இன்னொன்று எதற்கு? அதனால் போகும்போது நேராக, வரும்போது இறங்கி என்று போட்டோம்.

மீதிப் பாதிக்குப் பதில் சொல்வது எனக்குக் கஷ்டம்தான். மாமியார் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. நான் ஐந்து வாரம் இல்லையென்றால், இரண்டு பிள்ளைகளுக்கும், நடக்க முடியாத மாமனாருக்கும் பொங்கிப் போடுகிறவர் அவர்தான். 68 வயசில். கூட இரண்டு நாள் என்பது எனக்கு சிங்கப்பூர். அவருக்கு ஆறு வேளைச் சமையல். அதனால் நாளைக் கூட்டவில்லை. ஊருக்கு வந்து சேர்கிற தேதியை மாற்றாமல், மெல்போர்னில் இருக்கிற நாளில் குறைத்தேன். மாமியாரிடம் சொன்னதும் "என்னமோ பண்ணுங்க" என்றார். அதற்கு எங்கள் வீட்டில் சம்மதம் என்று அர்த்தம்.

குறைத்த நாளுக்கு விலை கொடுத்தவள் என் தங்கை. இதை மறைக்கவேண்டாம் என்று நினைக்கிறேன்.

தேர்தலுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு ஏப்ரல் கடைசியில் கிளம்பினோம். மே நடுவில் பெண் குழந்தை. அங்கே அப்போது குளிர்காலம் தொடங்குகிற நேரம். வீட்டுக்குள்ளேயே கம்பளி போட்டுக்கொண்டு அம்மா குழந்தைக்கு எண்ணெய் தேய்த்தார். நாங்கள் கிளம்பும்போது குழந்தைக்கு மூன்று வாரம் கூட ஆகவில்லை. தங்கைக்குத் தூக்கமில்லை, தையல் வலி வேறு. பெட்டி கட்டுகிறபோது, "அந்த ரெண்டு நாள் என்கூட இருந்திருக்கலாம்ல அக்கா? தாத்தா செத்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றாள். எனக்கு நெஞ்சை அடைத்தது. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

நான் செய்தது சரியா? இன்றைக்கும் முழுசாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அம்மா வாழ்க்கையில் எடுத்த பயணம் எல்லாம் எதற்கு? என் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர், என் மகன் பிறந்தபோது மறுபடி கோயம்புத்தூர், அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று திருச்சி, இப்போது மெல்போர்ன். எங்கே போனாலும் கையில் விளக்கெண்ணெயும் வசம்பும். அவருக்கென்று ஒரு ஊருக்குப் போனது கிடையாது. 'நான் அங்கே போகணும்' என்று தனியாகக் கேட்டால் எந்த வீட்டிலும் டிக்கெட் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். அவரும் கேட்கமாட்டார். வழியில் இருந்ததால்தான் நடந்தது. ஆண்கள் வேலையாகப் போன இடத்தில் ஒருநாள் கூடத் தங்கிக் கோயில் குளம் பார்த்துவிட்டு வந்தால் யாரும் கேட்பதில்லை. நாம் தங்கினால் அது ஊர் சுற்றுவது!

ஜூன் 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் சிங்கப்பூரில் இறங்கினோம். பெரிய பெட்டிகள் இரண்டையும் விமான நிலையத்திலேயே காசு கட்டி வைத்துவிட்டு, கைப்பையோடு வெளியே வந்தோம். (இதைச் செய்யுங்கள், மிகவும் சௌகரியம்.) அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. தமிழ் அங்கே 4 ஆட்சி மொழிகளில் ஒன்று. போர்டில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அம்மா வாய்விட்டுப் படித்தார். ஐந்து வாரமாய் எதையும் படிக்க முடியாமல் இருந்தவர் இல்லையா?

சிராங்கூன் சாலையில் ரூம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெரு முழுக்க நம்ம ஊர்ப் பிள்ளைகள். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை பார்க்கிறவர்கள், லீவு நாளில் அங்கேதான் கூடுகிறார்கள். புல்வெளியில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா நின்று நின்று பார்த்தார். "எங்கப்பாவும் இப்படித்தாண்டி இருந்திருப்பாரு, நாங்க வந்தப்புறம்" என்றார். அவர்களுக்குப் போன் இருக்கிறது. தாத்தாவுக்குக் கடுதாசிதான்.

மறுநாள் ரயிலில் போனோம். கான்பரா என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது! 2019-இல் திறந்தார்களாம். கான்பரா ரோடும் அதே பெயரில் அப்படியே இருக்கிறது. ஆனால் அம்மா இருந்த வரிசை வீடுகளை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி. அம்மா ஒரு முக்கில் நின்று, "இப்படி வருவாரு... இல்லே, அப்படியா?" என்று கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். வெயில் ஏறிவிட்டது. முட்டி வலி தாங்காமல் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போது, இத்தனை பேரைச் சங்கடப்படுத்தி இதற்கா வந்தோம் என்றுகூடத் தோன்றியது.

அப்புறம் டாக்சி பிடித்து செம்பவாங் கடற்கரைப் பூங்காவுக்குப் போனோம். சின்னக் கடற்கரைதான். எதிரே மலேசியாக் கரை கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கடலை அம்மாவுக்கு அடையாளம் தெரிந்தது. வீடு மாறலாம், ரோடு மாறலாம், எதிர்க்கரை மாறாதே. எள்ளும் தண்ணீரும் விடவேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஊரில் கடலில் எதையாவது போட்டால் பிடித்துக்கொள்வார்களோ என்று எனக்குப் பயம். வெறும் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி மூன்று தடவை விட்டார். இதெல்லாம் ஆண் பிள்ளை செய்யவேண்டியது என்பார்கள். என் மாமன்மார் இரண்டு பேர் இருந்தார்கள். இருவருமே அந்தப் பக்கம் போகாமலே காலமாகிவிட்டார்கள்.

சாயங்காலம் ஈசூனில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனோம். கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்கள் 1960-களில் செம்பவாங் பக்கம் ஒரு மரத்தடியில் வைத்துக் கும்பிட்ட முருகன், பிறகு 1990-களில் ஈசூனுக்கு வந்து பெரிய கோயிலாகிவிட்டார். அம்மாவுக்கு அந்த மரத்தடி ஞாபகம் இருக்கிறது. அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். அம்மா தன் பெயரையோ என் பெயரையோ சொல்லவில்லை. தாத்தா பெயரைச் சொன்னார். நட்சத்திரம் கேட்டதற்கு, தெரியாது என்றார்.

திரும்பி வருகிற ரயிலில் தங்கைக்கு போன் போட்டுக் கொடுத்தேன். அம்மா அவளிடம் கோயிலைப் பற்றியும் கடலைப் பற்றியும் பேசவே இல்லை. "பாப்பாவுக்கு வயித்து வலி இருந்தா ஓமத் தண்ணி குடு" என்று தொடங்கி, அதையேதான் பேசினார். கடைசியில் தங்கைதான் கேட்டிருக்கிறாள், "கான்பரா ரோடு இருந்துச்சாம்மா?" என்று. "இருக்குடி" என்றார் அம்மா. தங்கை அழுதாள் போலிருக்கிறது. என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ராத்திரி விமானம் ஏறிச் சென்னை. அங்கிருந்து அம்மா மன்னை எக்ஸ்பிரஸில், நான் சேரனில். ஸ்கூல் திறப்பதற்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமியாருக்கு அங்கிருந்து வாங்கிவந்த கோடாலித் தைலத்தைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டே, "அந்த முருகன் கோயில் எப்படி இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

போன மாசம் துபாயில் இருக்கும் நாத்தனார், "அம்மாவைக் கொஞ்ச நாள் அனுப்பி வைங்க" என்று போன் பண்ணினாள். அன்றைக்கு ராத்திரி, அதே சாப்பாட்டு நேரத்தில், மாமியார் மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்மா, துபாய்க்குக் கொழும்பு வழியா பிளேன் போகுதாமே? நடுவுல ரெண்டு நாள் இறங்கினா கதிர்காமம் பாத்துட்டு வந்துடலாமா?"

"அது வேற கம்பெனி அத்தை. நம்ம மைல் அதுல செல்லாது" என்றேன்.

"செல்லாதுன்னா என்ன? அந்தக் கம்பெனியிலயும் சேந்துக்கச் சொல்லு உன் புருஷனை" என்கிறார்.

- ஒரு வாசகி, கோயம்புத்தூர்